எழுவாய் இல்லாத ஆணைகள்

(மயிலாப்பூரில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயர் அதிகாரிகளின் பொறுப்புடைமை, வெளிப்படைத்தன்மை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இதைச் சொன்னவுடன் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது லஞ்சம். செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிறோம். பட்டா மாற்றத்துக்குப் பணம் வாங்கிய கிராம நிர்வாக அலுவலர் கைது. நில அளவையர் கைது. மின் இணைப்புக்குக் கை நீட்டிய ஊழியர் கைது. ரசாயனம் தடவிய நோட்டு, கரைசலில் கையை முக்கினால் நிறம் மாறும், படம் வரும். அவர்கள் செய்தது குற்றம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ரசாயன நோட்டு எந்த மாடி வரைக்கும் ஏறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். தாசில்தார் அலுவலகம் வரை போகும். கோட்டையில் ஒரு துறைச் செயலாளரின் அறைக்கு அது போய்ச் சேர்ந்ததாக நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்?

மேலே இருப்பவர்கள் எல்லோரும் யோக்கியர்கள், கீழே இருப்பவர்கள் எல்லோரும் திருடர்கள் என்று இதற்குப் பொருள் கிடையாது. மேலே இருக்கும் அதிகாரம் வேறு வகையானது. கீழ்நிலை ஊழியரின் அதிகாரம் ஒரு தாளைத் தருவதிலும் தராமல் இழுத்தடிப்பதிலும் இருக்கிறது. உயர் அதிகாரியின் அதிகாரம் முடிவெடுப்பதில் இருக்கிறது. யாருடைய வீடு ஆக்கிரமிப்பு, யாருடைய வீடு குடியிருப்பு, எந்த நிதி எங்கே போகும், எந்தக் கோப்பு நகரும், எது தூங்கும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்த அதிகாரம். அதை ரசாயன நோட்டு வைத்துப் பிடிக்க முடியாது. அதைப் பிடிக்க மூன்று கேள்விகள் வேண்டும். இந்த முடிவை எடுத்தது யார்? என்ன காரணத்தால் எடுத்தார்? முடிவு தவறாகிப்போனால் அவருக்கு என்ன நடந்தது?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காமல் இருப்பதற்கு நம் அரசு நிர்வாகத்தின் மொழியே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. ஓர் அரசாணையையோ அறிவிப்பையோ எடுத்துப் படித்துப் பாருங்கள். ‘ஆணையிடப்படுகிறது’, ‘முடிவு செய்யப்பட்டுள்ளது’, ‘பரிசீலனையில் உள்ளது’, ‘உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்’. எல்லாமே செயப்பாட்டு வினை. அரசாணையின் கடைசியில் ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்று இருக்கும். அரசின் செயல்கள் ஆளுநர் பெயரில்தான் வெளிவர வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 166-ஆவது பிரிவு சொல்கிறது. அது சட்ட மரபு, அதை விட்டுவிடலாம். ஆனால் அந்த மரபுக்குப் பின்னால் ஒரு வசதி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் படித்தோம் அல்லவா? ஆணையில் பயனிலை இருக்கிறது. செயப்படுபொருளாக நம் மக்கள் இருக்கிறார்கள். எழுவாயை மட்டும் காணோம்.

சாதி ஒழிப்பு இயக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இந்த இலக்கணம் புதிது கிடையாது. ‘தண்ணீர் தரப்படுவதில்லை’, ‘கோயிலுக்குள் அனுமதிக்கப்படுவதில்லை’ என்றுதானே ஊரும் பேசுகிறது? தராதவர் யார், தடுப்பவர் யார் என்று கேட்டால், ‘ஊர் வழக்கம்’ என்று பதில் வரும். சாதி எப்போதும் ஆளில்லாத வாக்கியங்களில்தான் ஒளிந்துகொள்ளும். ஆகவே நிர்வாகத்தில் ஆளைக் காட்டச் சொல்வது நமக்கு அந்நியமான நடுத்தர வர்க்கக் கோரிக்கை என்று யாரும் நினைக்க வேண்டாம். இது நம் இயக்கத்தின் பழைய வேலை.

எவ்வளவு பழையது என்று சொல்கிறேன். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தியாகராய நகர் இருக்கிறது. துணி வாங்கவும் நகை வாங்கவும் போகிறோம், டி. நகர் என்று சுருக்கிச் சொல்கிறோம். அந்தத் தியாகராயர், பிட்டி தியாகராயச் செட்டியார். 1916 டிசம்பரில் அவர் பெயரில் வெளியான பார்ப்பனரல்லாதார் அறிக்கையின் வலிமை எங்கே இருந்தது? எண்களில் இருந்தது. சென்னை மாகாண மக்கள்தொகையில் சுமார் 3 விழுக்காடாக இருந்த பார்ப்பனர்கள், துணை ஆட்சியர் பதவிகளில் 55 விழுக்காடு, சார்பு நீதிபதிகளில் 83 விழுக்காடு, மாவட்ட முன்சீப்களில் 72 விழுக்காடு இருந்தார்கள். ‘திறமையால் வந்தார்கள்’ என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால் பட்டியலை வைத்தார்கள்.

அந்த இயக்கம் ஆட்சிக்கு வந்ததும் செய்த முக்கியமான வேலைகளில் ஒன்று, அந்தப் பட்டியலை அரசே தயாரிக்க வேண்டும் என்று ஆக்கியது. 1921-ஆம் ஆண்டின் முதல் வகுப்புவாரி ஆணையும் 1922-இல் வந்த அடுத்த ஆணையும், துறைத் தலைவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நியமனங்களை வகுப்புவாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்றன. வகுப்புவாரி உரிமை என்றவுடன் நாம் இடஒதுக்கீட்டை நினைக்கிறோம். அதற்கு முந்தைய படி இந்தக் கணக்கு. உயர் அதிகாரி தான் யாரை நியமித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

அந்தப் பட்டியலிலும் ஒரு குறை இருந்தது. பார்ப்பனர், பார்ப்பனரல்லாத இந்துக்கள், முஸ்லிம்கள், இந்தியக் கிறித்தவர்கள், ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும், மற்றவர் என்று கட்டங்கள் இருந்தன. ஒடுக்கப்பட்டோருக்கு என்று தனிக் கட்டம் இல்லை. 1927-ஆம் ஆண்டு ஆணையில்தான் 12 இடங்களில் ஒன்று என்று அவர்களுக்கு ஓர் எண் வந்தது. வெளிப்படைத்தன்மை என்றால் எதையாவது வெளியிடுவது என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். எந்தக் கட்டம் பட்டியலில் இல்லை என்று பார்ப்பதும் நம் வேலை.

கால்வாய் ஓரத்தில்

இப்போது நாம் உட்கார்ந்திருக்கும் மயிலாப்பூருக்கே வருவோம். ராஜா அண்ணாமலைபுரம், இளங்கோ தெரு, கோவிந்தசாமி நகர். பக்கிங்காம் கால்வாய் ஓரம். அமைச்சர்களின் பங்களாக்கள் இருக்கும் கிரீன்வேஸ் சாலை அங்கிருந்து நடக்கிற தூரம். பல பத்தாண்டுகளாக மக்கள் வாழ்ந்த 259 வீடுகளை அகற்றும் வேலை 2022 ஏப்ரல் இறுதியில் தொடங்கியது. மே மாதம் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு. மே 8-ஆம் தேதி, அறுபது வயதான ஒருவர் இடிப்பை எதிர்த்துத் தன்மேல் தீ வைத்துக்கொண்டார். மருத்துவமனையில் இறந்தார்.

அரசு தரப்பில் சொல்லப்பட்ட விளக்கம், உச்ச நீதிமன்ற உத்தரவு. அது உண்மை. உத்தரவு இருந்தது, வழக்கும் பல ஆண்டுகள் நடந்தது. ஆனால் நீதிமன்ற உத்தரவு ஒரு விளைவைத்தான் சொல்கிறது. பொதுத்தேர்வு நடக்கும் மாதத்தில் இடிப்பது, மாற்று இடமாக நகரத்துக்கு வெளியே உள்ள குடியிருப்பைக் காட்டுவது, பக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் குடியிருப்புகளில் இடம் உண்டா என்று பார்ப்பது அல்லது பார்க்காமல் விடுவது எல்லாம் நிர்வாக முடிவுகள். யாரோ ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து பேசி, ஒரு கோப்பில் குறிப்பு எழுதி எடுத்த முடிவுகள். நீர்வளத் துறை, வருவாய்த் துறை, மாநகராட்சி, வாரியம், காவல் துறை என்று ஐந்து அலுவலகங்கள் அதில் இருந்தன. ஐந்தில் ஒன்றும் எழுவாய் ஆகவில்லை.

அந்தத் தீக்குளிப்புக்கு மறுநாள் சட்டமன்றத்தில் முதலமைச்சர், இந்தக் குடும்பங்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளில் கட்டப்படும் குடியிருப்புகளில் வீடு ஒதுக்கப்படும் என்றார். மறுகுடியமர்வுக்கு ஒரு கொள்கை வகுக்கப்படும், இனி அகற்றுவதற்கு முன் மக்களிடம் கலந்து பேசப்படும் என்றார். அறிவிப்பை வரவேற்றோம். ஆனால் இந்த ஒரு கேள்வி மட்டும் எனக்கு இன்னும் பதில் இல்லாமல் நிற்கிறது. மே 9-ஆம் தேதி சாத்தியமான ஒன்று, ஏப்ரலில் ஏன் சாத்தியமில்லாமல் போனது? சாத்தியமில்லை என்று எழுதியவர் யார்? அல்லது, அந்தக் கேள்வியை யாருமே கோப்பில் எழுதவில்லையா?

கால்வாயை ஆக்கிரமித்தவர்கள் என்று அந்த மக்களைச் சொன்னார்கள். மந்தைவெளியிலிருந்து திருவான்மியூர் வரை பறக்கும் ரயிலில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே கீழே பாருங்கள். ரயில் பாதையின் தூண்களும் நிலையங்களும் எங்கே நிற்கின்றன? பக்கிங்காம் கால்வாயின் உள்ளேயும் கரையிலும் நிற்கின்றன. 1997-இல் மயிலாப்பூர் வரை வந்தது, 2004-இல் திருவான்மியூர், 2007-இல் வேளச்சேரி. கால்வாயின் அகலத்தையும் நீரோட்டத்தையும் அந்தத் தூண்கள் குறைத்தன. ரயில் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, நானும் அதில்தான் போகிறேன். ஆனால் அந்த வழித்தடத்துக்கு ஒப்புதல் கொடுத்த எந்த அதிகாரியையாவது ‘நீர்நிலை ஆக்கிரமிப்பாளர்’ என்று யாராவது அழைத்தார்களா? தூண் போட்டால் அது திட்டம். குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கு யார் அருகில் இருக்கிறார்கள், யார் தொலைவில் இருக்கிறார்கள் என்பதில்தான் சாதி இருக்கிறது.

வெள்ளத்துக்கு யார் பொறுப்பு?

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், அடையாறு பகுதிகளில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. திறக்கும் முடிவு எங்கே தாமதமானது, பொறியாளர் மட்டத்திலா, கோட்டையிலா என்று அப்போதே ஊடகங்களில் கேள்வி எழுந்தது. தாமதம் எதுவும் இல்லை என்று தலைமைச் செயலாளரே அறிக்கை வெளியிட்டார்.

பிறகு இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வந்தது. 2015 வெள்ளத்தை அது மனிதர்களால் உண்டான பேரிடர் என்று சொன்னது. ஏரியின் நீர் வெளியேற்றத்தைக் கையாண்ட விதத்தைக் குறை சொன்னது. அந்த அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். வெள்ளம் வந்து இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ‘மனிதர்களால்’ என்று அறிக்கை சொல்கிறது. எந்த மனிதர்களால்? இங்கேயும் எழுவாய் பொதுச்சொல்லாக நின்றுவிட்டது.

ஆனால் அந்த வெள்ளத்துக்கு விலை கொடுத்தவர்களைத் தேட வேண்டியதில்லை. வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றின் கரையில் இருந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கத்துக்கும் எழில் நகருக்கும் அனுப்பப்பட்டன. நகரத்தின் தெற்கு விளிம்பில் எட்டு மாடி அடுக்குகள். அங்கே போனவர்களில் பெரும்பகுதி தலித்துகளும் பிற உழைக்கும் சாதியினரும். மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீட்டு வேலை செய்த பெண்கள், பூ கட்டி விற்றவர்கள், மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள் விடியும் முன் பேருந்து பிடிக்க வேண்டியவர்களானார்கள். வேலை போனவர்கள் உண்டு, பள்ளியை நிறுத்திய பிள்ளைகள் உண்டு. முடிவெடுத்தவர் கோப்புக்குள் இருக்கிறார். விளைவை அனுபவிக்கிறவர் பெரும்பாக்கத்தில் இருக்கிறார்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று உண்டு. முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவு. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டம், ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்தால் அங்கு இருப்பவர்களுக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது. சட்டம் வந்த ஆண்டு சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17. அதன் பிறகு பல பத்தாண்டுகளாக அறிவிப்பு நின்றுபோனதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் இந்த நகரத்தில் புதிய குடிசைப் பகுதியே உருவாகவில்லையா? நகர நிர்வாகத்தை ஆய்வு செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எழுதப்பட்ட உத்தரவைத் தேடுவது கடினம்தான், ஆனால் எழுதப்படாமல் விட்ட உத்தரவைத் தேடுவது அதைவிடப் பல மடங்கு கடினம். எந்தச் செயலாளரும் ‘இனி அறிவிக்க வேண்டாம்’ என்று எழுத வேண்டியதில்லை. கோப்பு மேலே வராமல் இருந்தால் போதும்.

ஒரே அரசு, இரண்டு வாரியங்கள்

இந்த மாநிலத்தில் அரசே வீடு கொடுக்க இரண்டு வாரியங்கள் உண்டு. ஒன்று, முன்பு குடிசை மாற்று வாரியம் என்று இருந்து 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அது நம் மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்புகிறது. இன்னொன்று, நந்தனத்தில் அண்ணா சாலை மேல் நெடுங்காலம் தலைமையகம் வைத்திருந்த வீட்டு வசதி வாரியம். அதில் ‘அரசு விருப்புரிமை ஒதுக்கீடு’ என்று ஒன்று இருந்தது. வீடு, மனைகளில் 85 விழுக்காடு குலுக்கலில் போகும். 15 விழுக்காடு அரசின் விருப்பத்தில் போகும். கைவிடப்பட்ட பெண்கள், விதவைகள், சமூக சேவகர்கள், ‘அப்பழுக்கற்ற அரசு ஊழியர்கள்’ என்று அதற்கு வகைகள் உண்டு.

2010, 2011-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் அந்தப் பட்டியல்கள் வெளியே வந்தன. திருவான்மியூர், முகப்பேர் போன்ற இடங்களின் மனைகள் யாருக்குப் போயின என்று பார்த்தால், மூத்த ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளின் பெயர்களும் அவர்கள் குடும்பத்தாரின் பெயர்களும் இருந்தன. உயர் அதிகாரியின் பிள்ளை ‘சமூக சேவகர்’ என்ற வகையில் மனை பெற்றதும் இருந்தது. ஆட்சி மாறியதும் வழக்குகள் போடப்பட்டன. சில வழக்குகளை நீதிமன்றம் ரத்து செய்தது. 2008-இல் நடந்த ஓர் ஒதுக்கீடு தொடர்பான வழக்கு 2024-இலும் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. யார் குற்றவாளி என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நான் பார்க்கச் சொல்வது வேறு. மேல்தட்டுக்கு ‘விருப்புரிமை’ என்று ஒரு சொல் இருக்கிறது. விருப்பத்துக்குக் காரணம் எழுத வேண்டியதில்லை. கால்வாய் ஓரத்துப் பெண்ணிடம் மட்டும் குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார், எத்தனை ஆண்டு இருந்தாய் என்பதற்குச் சான்று, அத்தனையும் கேட்கிறார்கள்.

மேலே போகப் போகச் சட்டம் மெலிகிறது

சட்டத்திலும் இந்தப் படிநிலை உண்டு. மத்திய அரசில் இணைச் செயலாளரும் அதற்கு மேற்பட்டவர்களும் என்றால், முன் அனுமதி இல்லாமல் சி.பி.ஐ. ஊழல் விசாரணையே தொடங்க முடியாது என்று ஒரு பிரிவு இருந்தது. கீழே இருப்பவருக்கு அந்தக் கவசம் கிடையாது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பதவியின் உயரத்தைப் பார்த்து இப்படிப் பிரிப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று அதை அடித்தது. 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 17-ஏ என்ற புதிய பிரிவு வந்தது. இப்போது எல்லா ஊழியர்களுக்கும் முன் அனுமதி என்றார்கள். ஆனால் அது எதற்கு? அவர்கள் எடுத்த முடிவு, செய்த பரிந்துரை பற்றிய விசாரணைக்கு. லஞ்சம் வாங்கும்போது கையும் களவுமாகப் பிடிபட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. முடிவெடுக்கும் அதிகாரம் மேலே, கை நீட்டும் கைது கீழே. கவசம் யாருக்குப் பொருந்தும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடும் இதில் சளைத்தது இல்லை. தேசியச் சட்டம் வருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1997-லேயே தகவல் உரிமைக்கு ஒரு சட்டம் கொண்டுவந்த மாநிலம் நாம். அதில் விதிவிலக்குகளின் பட்டியல்தான் நீளம். 2008-இல் லஞ்ச ஒழிப்புத் துறையையே தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கி அரசாணை போட்டார்கள். ஊழல் குற்றச்சாட்டு பற்றிய தகவலை அந்த ஆணையைக் காட்டி மறுக்க முடியாது என்று 2012-இல் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. லோக் ஆயுக்தா சட்டம் உச்ச நீதிமன்றம் நெருக்கிய பிறகு, 2018 ஜூலையில்தான் இங்கே நிறைவேறியது. இரண்டு திராவிடக் கட்சிகளின் ஆட்சியிலும் நடந்த வேலைகள் இவை. சமூக நீதி என்று மேடையில் சொல்லும் எந்த ஆட்சியையும் நாம் இந்தக் கேள்வியிலிருந்து விடுவிக்க வேண்டியதில்லை.

மத்திய அரசு இன்னொரு கதவைச் சாத்தியிருக்கிறது. அதிகாரிகளின் சொத்துக் கணக்கும் ஒழுங்கு நடவடிக்கை விவரமும் ‘தனிப்பட்ட தகவல்’ என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அப்போதும், பொதுநலன் இருந்தால் தரலாம் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவிலேயே இடம் இருந்தது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வாசகத்தையே நீக்கியது. அந்தத் திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. 8(2) என்ற பொதுவான பொதுநலப் பிரிவு இன்னும் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டுதான் இனி வாதாட வேண்டும்.

நேர்மையான அதிகாரிகள் என்ன ஆவார்கள்?

இதையெல்லாம் சொன்னால் இரண்டு எதிர்க்கேள்விகள் வரும். முதல் கேள்வி, ‘அரசியல்வாதி வாய்மொழியாகச் சொல்கிறார், அதிகாரி என்ன செய்வார்?’ நியாயமான கேள்வி. 2013 அக்டோபரில் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. வாய்மொழி உத்தரவின் பேரில் அதிகாரிகள் செயல்படக் கூடாது, அப்படி ஓர் உத்தரவு வந்தால் அதை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றது. எழுத்தில் இருந்தால் அது தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும். கேட்பதற்கு நாம் இருந்தால், எழுதுவதற்கு அவருக்கும் ஒரு துணிச்சல் வரும்.

இரண்டாவது கேள்வி நமக்கு இன்னும் நெருக்கமானது. ‘பொறுப்புடைமை என்று சாட்டையைக் கொடுத்தால், முதல் அடி தலித் அதிகாரி மேல்தானே விழும்?’ விழுந்திருக்கிறது. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மதுரையில் கூடுதல் ஆட்சியராக இருந்தபோது சுடுகாட்டுக் கூரை ஊழலை வெளிக்கொண்டு வந்தவர். 2010 ஜூலையில் அவரை இடைநீக்கம் செய்தபோது சொல்லப்பட்ட காரணம் என்ன? அவருடைய சாதிச் சான்றிதழ் மீது சந்தேகம். எதிர்ப்பு வந்த பிறகு அதே ஆண்டில் இடைநீக்கம் விலக்கிக்கொள்ளப்பட்டது. இருட்டில் நடக்கும் ஒழுங்கு நடவடிக்கை எப்போதும் பலவீனமானவரைத்தான் தேடும். அதற்கும் மருந்து வெளிச்சம்தான். யார் மீது நடவடிக்கை, யார் மீது இல்லை, எத்தனை கோப்புகள் எத்தனை ஆண்டுகளாகக் கிடப்பில் என்று அந்தப் பட்டியலும் 1921-ஐப் போல வகுப்புவாரியாக வெளியே வர வேண்டும்.

இன்னொன்று, நாம் நாயகர்களை நம்பி இருக்க முடியாது. 2009-இல் நாமக்கல் ஆட்சியராக இருந்த சகாயம் தன் சொத்துக் கணக்கை மாவட்ட இணையதளத்தில் தானே வெளியிட்டார். வங்கியில் 7,172 ரூபாய் இருந்ததைப் பார்த்துப் பாராட்டினோம். பாராட்டு சரி. ஆனால் ஒருவர் செய்தது செய்தியாகிறது என்றால், மற்றவர்களுக்கு அது கடமையாக இல்லை என்றுதான் பொருள்.

காரணத்தைக் கேளுங்கள்

அப்படியானால் என்ன கேட்க வேண்டும்? தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றவுடன் விண்ணப்பம், 10 ரூபாய் கட்டணம், 30 நாள் என்று நினைக்கிறோம். அந்தச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, யாரும் கேட்காமலே அரசு செய்ய வேண்டியதைச் சொல்கிறது. அதில் 4(1)(டி) என்று ஒரு வரி இருக்கிறது. நிர்வாக முடிவுகளால் பாதிக்கப்படுகிறவர்களுக்கு அந்த முடிவின் காரணங்களைச் சொல்ல வேண்டும் என்கிறது. 4(1)(சி), முக்கியமான கொள்கைகளை வகுக்கும்போது அது தொடர்பான உண்மைகளை எல்லாம் வெளியிட வேண்டும் என்கிறது. 4(4), அதை உள்ளூர் மொழியைக் கருத்தில் கொண்டு செய்ய வேண்டும் என்கிறது. இதே சட்டத்தின் 6(2), தகவல் கேட்கும் குடிமகன் ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை என்கிறது. எவ்வளவு அழகாகத் தலைகீழாக்கியிருக்கிறது பாருங்கள். நம்மிடம் காரணம் கேட்கக் கூடாது. அவர்கள் காரணம் சொல்ல வேண்டும். இருபது ஆண்டுகளாக நடைமுறையில் இருப்பது இதற்கு நேர் எதிரானது.

ஆகவே என் யோசனை சிறியது. நம் பகுதியில் ஓர் அகற்றல் அறிவிப்பு ஒட்டப்பட்டால், ஒரு நிதி திருப்பி அனுப்பப்பட்டால், ஒரு விடுதி மூடப்பட்டால், அடுத்த நாளே விண்ணப்பம் போக வேண்டும். இந்த முடிவு எந்தத் தேதியில், எந்தக் கூட்டத்தில் எடுக்கப்பட்டது? கலந்துகொண்டவர்களின் பெயரும் பதவியும் என்ன? கோப்புக் குறிப்புகளின் நகலைத் தாருங்கள். என்னென்ன மாற்று வழிகள் பரிசீலிக்கப்பட்டன, ஒவ்வொன்றும் ஏன் கைவிடப்பட்டது? 4(1)(டி)-இன்படி பாதிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் எப்போது, எந்த மொழியில் சொல்லப்பட்டது? பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு தகவல் ஆணையம். விண்ணப்பத்தைத் தனி ஆளாகப் போடாதீர்கள், பத்துப் பேர் பத்து விண்ணப்பம் போடுங்கள். தனியாகக் கேட்டவர்கள் தாக்கப்பட்ட நாடு இது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவையும் நினைவில் வையுங்கள். தன் கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு, அவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இல்லாதபோது, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது அது. வழக்குப் பதிய மறுத்த காவலருக்கு எதிராக அதை அவ்வப்போது கேட்கிறோம். மேலே இருப்பவருக்கு எதிராகக் கேட்க வேண்டும் என்றால், அவருடைய கடமை என்ன, எந்தத் தேதியில் எந்தக் கோப்பு அவர் மேசைக்கு வந்தது என்று நம் கையில் ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரத்தைத் தரும் கருவிதான் தகவல் உரிமை. இரண்டு சட்டங்களையும் சேர்த்துப் பிடிக்கப் பழகுவோம்.

1948 நவம்பர் 4-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் பேசும்போது ஓர் எச்சரிக்கை விடுத்தார். அரசியலமைப்பின் வடிவத்தைத் தொடாமலே, நிர்வாகத்தின் வடிவத்தை மட்டும் மாற்றி, அரசியலமைப்பின் உணர்வுக்கு எதிராக அதைத் திருப்பிவிட முடியும் என்றார். அதனால்தான் நிர்வாகத்தின் விவரங்களையும் அரசியலமைப்புச் சட்டத்துக்குள்ளேயே எழுதினோம் என்றார். அரசியலமைப்புச் சட்டத்தை யாராவது மாற்றிவிடுவார்களோ என்று நாம் கவலைப்படுகிறோம், கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் இளங்கோ தெருவில் அதை யாரும் மாற்றவில்லை. ஒரு சொல்கூடத் திருத்தாமல், ஒரு கோப்பின் வழியாக அதைத் தாண்டிப் போனார்கள்.

அந்தக் கோப்பைத் திறக்கச் சொல்வோம். அதில் எழுவாயை எழுதச் சொல்வோம். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், பேசுவோம்.